தண்ணீர், பிறகு நீர்

யெரெவான் மருத்துவமனையில்
என் காதுக்குப் பின்னால் பொத்தானளவில் ஒன்றை ஒட்டிவிட்டு
கேட்கிறதா என்று உதட்டை அசைத்தாள் ஹெர்மினே.
கேட்டது.
தகரக் கூரையில் ஒரு மூட்டை ஆணியைக் கொட்டியதுபோல.
வஹ்ராம் என் பெயரைச் சொன்ன சத்தமாம் அது.

கியும்ரியில் பள்ளிக்கூடம் எங்கள்மேல் சரிந்த
அந்த டிசம்பரிலிருந்து
இருபத்தேழு வருஷம்.
கடைசியாக என்ன கேட்டது என்று எல்லோருக்கும் தெரியவேண்டும்.
மணி. பாதி அடித்து நின்றுவிட்டது.

கடவுளைப் பற்றி அந்த வயதில் எனக்கு அபிப்பிராயம் ஏதும் இல்லை.
கல்லுக்கடியில் இரண்டு இரவு
யாரோ என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்,
அது மட்டும் தெரியும்.
தூக்கியெடுத்தவர்கள் எழுதிக் காட்டினார்கள்:
அங்கே யாருமில்லை, கம்பளிக் கோட்டின் கை
காலில் சுற்றிக்கொண்டிருந்தது.
இருக்கலாம்.

ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனேன்.
தேர் மெஸ்ரோப்பின் தாடி அசையும்.
தூபம் கறுத்த தூண்களைச் சுற்றி ஏறும்.
எல்லோரும் மண்டியிடும்போது நானும்,
பக்கத்திலிருப்பவளைப் பார்த்து, அரை நொடி தாமதமாக.
என் விசுவாசம் அவ்வளவுதான்:
அரை நொடி தாமதம்.

ஹெர்மினே தாளில் எழுதினாள்:
"உன் மூளை இந்த மொழியை மறந்துவிட்டது.
தினமும் மாட்டிக்கொள். புரியாவிட்டாலும் மாட்டிக்கொள்."
ஜெபத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த
ஒரே உருப்படியான புத்திமதி.
அவள் சொன்னது கருவியைப் பற்றி.

மாட்டிக்கொண்டேன்.
முதல் மாதம் ஆணி.
இரண்டாம் மாதம், ஆணியிலேயே இரண்டு வகை.
ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு, சட்டி கழுவும்போது
இரைச்சலிலிருந்து தனியாகப் பிரிந்து வந்தது
தண்ணீர்.
குழாயை மூடினேன், திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
வஹ்ராம் கட்டண ரசீதைத் தூக்கிக் காட்டினார்.

நீரும் அப்படித்தான் வந்தீர்.
மொத்தமாக அல்ல, முகத்தோடு அல்ல.
சாக்ஸ் ஆலையில் மேற்பார்வையாளனைத் திட்ட வாயெடுத்தபோது
நெஞ்சில் ஒரு நிதானம், யாரோ கதவைச் சாத்தியதுபோல.
மாமியாரின் உடலைக் கழுவியபோது
என் விரல்களில் ஒரு மென்மை.
அது என்னுடையதல்ல.
எனக்கும் அவளுக்கும் ஆகாது.

நவம்பரில் பனி கேட்டது.
பூட்ஸுக்கடியில் பனி முனகும் என்று
ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்புறம் ஏழு வாரம் ஒன்றுமில்லை. பழையபடி ஆணி.
கழற்றிப் பெட்டியில் வைத்தேன்,
கருவியையும் ஜெபத்தையும்.
தேர் மெஸ்ரோப் வந்தார். வேதம் பேசவில்லை.
காபி குடித்தார், இரண்டாவது கோப்பையும் கேட்டார்,
அதைத் தட்டில் வைத்தபோது
மேசையின் மறுமுனையில் என் விரலில் அதிர்ந்தது.
மறுநாள் மாட்டிக்கொண்டேன்.
காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இன்றைக்கும் தேவாலய மணி எனக்கு மணியாக இல்லை;
மாடிப்படியில் உருளும் சட்டி.
ஆனால் நாசேலி அடுத்த அறையில் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்,
பத்தில் எட்டு முறை.
உம்மைப் பற்றியும் அந்தக் கணக்குதான்.
மீதி இரண்டில் எழுந்துபோய்ப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இரவில் கருவியைக் கழற்றுகிறேன்.
நிசப்தம் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது.
இருபத்தேழு வருஷம் இதற்கு
'ஒன்றுமில்லை' என்று பெயர் வைத்திருந்தேன்.
சத்தங்களோடு பழகிய பிறகு இப்போது தெரிகிறது,
இது ஒருவர் பேசாமல் இருப்பது.
பேசாமல் இருக்கவும்
ஒருவர் இருந்தாகவேண்டும் அல்லவா?

போர்வை விலகி கணுக்கால் குளிர்கிறது.
கோட்டின் கைதான், ஒப்புக்கொள்கிறேன்.
அந்த இரண்டாம் இரவு, நான் தூங்கிப்போக இருந்தபோது
அது இறுகியதே,
அது நீ.