எருமை எண்டுதான் சொன்னார்

"ஓந்தாச்சிமடப் பாலத்தடியில, தம்பி,
இருட்டுக்குள்ள குறுக்கால வந்த எருமை."
இன்பராசா ஓவசியர்
சாவியை என் மேசையில் வைத்தார்.
வைத்த கை உடனே திரும்பவில்லை.

ஐம்பத்துமூன்றாம் ஆண்டு ஒஸ்ரின்.
பக்கங்களில் ஒரு கீறல் கிடையாது.
கிறில் மட்டும் உள்ளுக்குப் போய்
கீழ்ச்சட்டம் மூன்றும்
ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கிடந்தன.
வெள்ளிக்கிழமை பெரியகல்லாற்றில் கலியாணம்,
மாப்பிள்ளை ஏறுகிற வண்டி,
புதுசு போல வேணும்.

புதுசு போல.
குரோம் முக்குவதென்றால் கொழும்புக்குப் போகவேணும்,
போய்வரப் பத்து நாள்.
என்னிடம் இருந்தது மூன்று இரவு.

நம்ம ஸ்பானர் ஒன்றும் இதன் நட்டைக் கவ்வாது.
இஞ்சிக் கணக்கில் பிறந்த வண்டி.
டிலக்ஷன் மண்ணெண்ணெய் ஊற்றி, பொறுத்து,
திரும்ப ஊற்றி,
பதினொரு நட்டை மாஜரின் டப்பாவுக்குள் போட்டான்.
பன்னிரண்டாவது கழுத்தோடு முறிந்தது.

கிறிலை வாங்கில் கிடத்தி
லைட்டை இறக்கிப் பிடித்தேன்.
எருமை முட்டினால் மயிர் ஒட்டியிருக்கும்.
பள்ளம் அகலமாய் இருக்கும்,
சட்டியைக் கவிழ்த்து அமத்தினதுபோல.
இது ஒடுக்கம். நெடுக்காய் ஒரே வெட்டு.
நடுச்சட்டத்தின் மடிப்புக்குள்
நகத்தளவு நீலப் பெயின்ற்.

நீலத்தில் எருமை இல்லை.

நான் பார்த்ததை டிலக்ஷனும் பார்த்தான்.
எழும்பிப் போய்
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினான்.

மறுகா வேலைதான்.
மணல் மூட்டைமேல் சட்டத்தைக் கவிழ்த்து
மரச்சுத்தியலால்
அடி என்று சொல்லமுடியாத அடி,
உள்ளிருந்து வெளியே,
ஓரத்திலிருந்து நடுவுக்கு.
வெடித்த இடத்தில் பித்தளை ஒட்டு.
துருவுக்குச் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாள்,
தண்ணீர் தொட்டுத் தொட்டு,
கறுப்பு நுரை விரலிடுக்கில் வடியும்வரை.
காத்தான்குடி நளீம் கடை வோட்டர் பேப்பர்
நானூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு.
ஒட்டின் மஞ்சள் தெரியாமல் சில்வர் ஸ்பிறே.
இரும்பு ஒன்றையும் ஒளிக்காது.
நான் ஒளிப்பேன்.
அதற்குத்தான் கூலி.

நீலத்தைக் கடைசிக்கு விட்டிருந்தேன்.
பிளேட்டால் சுரண்டித் தீப்பெட்டிக்குள் போட்டேன்.
களுவாஞ்சிகுடி ஆசுபத்திரியில்
அற்றண்டன் ஒருவனை எனக்குத் தெரியும்.
போன் நம்பரும் இருக்கு.
எடுக்கவில்லை.
ஏனென்று கேட்டால்
கையெல்லாம் கொம்பவுண்ட் எண்டு சொல்லலாம்.

வியாழன் இரவு ஓவசியர் வந்தார்.
குனிந்து பார்த்தார். தடவிப் பார்த்தார்.
பில்லை நீட்டினேன்.
நட்டு ஒன்று.
பித்தளை ஒட்டு.
பேப்பர், கொம்பவுண்ட், ஸ்பிறே.
மூன்று இரவுக் கூலி.
கடைசி வரியில்:
சைக்கிள் றிம், முன்பக்கம், ஒன்று.

கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.
கழற்றித் துடைத்துவிட்டு
திரும்பவும் வாசித்தார்.
வாவிக்காற்று கடதாசியின் நுனியை ஆட்டியது,
அல்லது அவருடைய கை.
ஒரு சொல் இல்லை.
எண்ணி வைத்தார்.
மிச்சத்தை வாங்காமல் போனார்.

வெள்ளிக்கிழமை
மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டு
இந்த ரோட்டால்தான் போனது.
கிறில் புதுசு போலத்தான் இருந்தது.

காசு தீப்பெட்டியோடு லாச்சிக்குள் கிடக்கு.
நீலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு
இதுவரை ஒருத்தரும் வரவில்லை.
உருட்டவேண்டிய ஆள்
இன்னும் நடக்கத் தொடங்கவில்லையோ என்னவோ.