நான்குக்கு ஒன்று

பிஸ்மார்க்கில் ஐந்து நாற்காலிகள்.
இடது கோடி, தெல்மா ரஸ்டாடுக்கு.
அப்பா தானியக் கிடங்கில் எடை போட்டவர்;
முள் நிற்கும்வரை மூச்சு விடமாட்டாராம்.

முதலில் இரும்புக்கடை மாடியில் வக்கீல் தொழில்.
ஃபீஸுக்குப் பதில் ஒருமுறை அரைப் பன்றி வந்தது.
பிறகு மாவட்டக் கோர்ட், விவாகரத்துகள், வேலித் தகராறுகள்.
பிறகு இங்கே இருபத்திரண்டு வருஷம்.

எண்பத்தாறில்
ஆர்னே க்விட்னேயின் கோதுமை நிலம் வங்கிக்குப் போனது,
நான்குக்கு ஒன்று.
அந்த ஒன்று தெல்மா இல்லை.
சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று
பதினொரு பக்கம் எழுதினார்.
தட்டச்சு செய்தவள் நான்.
ஒரு கமா கூட மாற்றவில்லை.

நகராட்சியின் பனி வாரும் வண்டிக்கு
ஆர்னே டிரைவரானான்.
தெருவை முடித்துவிட்டு
அவர் வீட்டு வாசலையும் வாரிவிடுவான்.
யாரும் சொல்லவில்லை.
காசு நீட்டினால் கண்ணாடியை ஏற்றிக்கொள்வான்.
பதினான்கு குளிர்காலம்.

ஓய்வுபெற்ற இரவு பெட்டிகள் தூக்கப் போனேன்.
கேடயங்களை எல்லாம் விட்டுவிட்டார்.
கையில் இருந்தது
அந்த ஒற்றை நீதிபதி எழுதிய மாறுபட்ட தீர்ப்பு,
மூன்றே பக்கம்,
ஓரமெல்லாம் தெல்மாவின் பென்சில்.

வீட்டில் இறக்கி வைக்கையில் வெளியே வண்டிச் சத்தம்.
விளக்கை அணைத்துவிட்டு
ஜன்னலோரம் நின்றார்,
அது போகும்வரை
மூச்சு விடாமல்.