சத்தம் போடாத பத்தொன்பது

கோரிமேட்டு குடோனில் முப்பது ஏற்றினேன்.
பதினொன்றுதான் மலையில் இறங்கியது.

காலி சிலிண்டர்கள் வளைவுக்கு வளைவு
கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி
பேசிக்கொண்டே வரும்.
நிறைந்தது பேசாது.
இப்போதெல்லாம் ஏற்காட்டிலிருந்து என் வண்டி
துக்கம் கேட்டுத் திரும்புகிறவன் போல் இறங்குகிறது.

செம்மநத்தத்தில் வெள்ளச்சி வீட்டுச் சிலிண்டர் மேல்
பலகை போட்டு டிவி வைத்திருக்கிறாள்.
"அடுத்த மாசம் பார்க்கலாம் தம்பி."
செல்போனை நீட்டிப் படிக்கச் சொல்கிறாள்:
மானியம் வரவு, இருபத்துநாலு ரூபாய் சொச்சம்.
மூன்று இலக்கம் வந்த இடம் அது.
போய் எடுக்க பஸ்ஸுக்குக் காசு வேண்டாம்,
பேங்க் வரிசைக்கு ஒரு பொழுது வேண்டும்.

காட்டில் விறகு சும்மாதானே கிடைக்கிறது
என்றார் ஏஜென்சியில், ஏசிக்கு அடியில் ஒருவர்.
ஒரு சுமை சில்வர் ஓக் சுள்ளிக்கு
ஒரு நாள் காப்பிப்பழக் கூலி.
வாட்ச்மேன் பார்த்துவிட்டால் அருவாளும் போச்சு.
ராத்திரி இருமலை
அவர் எந்தக் கணக்கில் எழுதுவார்?

ஏரிப் பக்கம் ரிசார்ட்டில் நாலு இறங்கிற்று.
விலை கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டார்கள்.
ரூம் வாடகையில் ஏற்றிக்கொள்வார்கள்.
வெள்ளச்சி எதில் ஏற்றுவாள்?

மிச்சம் பிடித்த பணத்தில்தான் ரோடு போடுகிறார்கள்
என்பார் எங்கள் கணக்குப்பிள்ளை மாதப்பன்,
பேப்பரை மடித்துக்கொண்டே.
இருக்கலாம்.
பதினாலாவது கொண்டை ஊசியில் புதுத் தார்,
மழையிலும் டயர் வழுக்கவில்லை, பொய் சொல்லக் கூடாது.
அதில் வெள்ளச்சியின் பங்கு எவ்வளவு நீளம் என்று
ஒரு நாள் மனசுக்குள் அளந்து பார்த்தேன்.
ஒரு சாண் வந்தது.
அவளிடம் வண்டி இல்லை.

நேற்று திரும்பும்போது
எஸ்டேட் வேலி முடிகிற இடத்தில் அவளே கை காட்டினாள்,
தலைச்சுமையோடு, ஊர் முக்கு வரைக்கும்.
கேஸ் வண்டியில் விறகு ஏற்றக் கூடாது, ரூல்ஸ்.
நிறை சிலிண்டர்கள் மேலேயே
கட்டைப் படுக்க வைத்தோம்.

இறங்கியதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து
பத்து ரூபாய் நீட்டினாள்.
வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்தது.
கண் டீசல் முள்ளுக்குப் போய்
அங்கேயே நின்றுவிட்டது.

வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் இருபது வளைவு.
பின்னால் பதினொன்று என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தது.
பத்தொன்பது
வாயே திறக்கவில்லை.