காந்தம் பிடிக்கவில்லை

பள்ளத்தூரில் ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்த அடைக்கலம்
பிஸ்கட் டின் ஒன்றை என் மேசையில் கவிழ்த்தான்.
துருச் சாவிகள், ரங்கூன் பொத்தான்கள்,
மூக்கு உடைந்த சீசா ஒன்று,
அவற்றோடு ஒரு கறுப்புச் சிலுவை.
நாலு கையும் நுனியில் விரிந்து, வெள்ளி விளிம்பு கட்டி.
நடுவில் ஒரு டபிள்யூ, தலைக்கு மேல் கிரீடம்,
காலடியில் 1914.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பதினாறு வருஷமாகக் கடை.
இந்தச் சாதிச் சிலுவை ஏழு பார்த்திருக்கிறேன்.
ஏழும் போலி.
ஒன்றில் வருஷமே தப்பு,
ஒன்றில் பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை.

உள்ளே இரும்பு, சுற்றி வெள்ளி.
அதுதான் அசலின் ஜாதகம் என்று படித்திருந்தேன்.
பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை
நூலில் கட்டிப் பக்கத்தில் கொண்டுபோனேன்.
பெண் பிடிக்காத மாப்பிள்ளை மாதிரி
முகத்தைத் திருப்பாமல், கிட்டவும் வராமல்
சும்மா தொங்கியது.

எட்டாவது என்று முடிவுகட்டி
நூற்றைம்பது ரூபாய்ச் சீட்டு ஒட்டி
சாவிக்கொத்துத் தட்டில் போட்டேன்.

வியாழக்கிழமை தேவகோட்டைப் பல் டாக்டர் சிக்கந்தர் வந்தார்.
ஜெர்மன் பதக்கம் மட்டும்தான் சேர்ப்பார்.
ஏன் என்று நானும் கேட்டதில்லை.
சட்டைப்பையிலிருந்து வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை எடுத்து
சிலுவையைச் சாய்த்தார்,
வாயைத் திற என்று சொல்லாததுதான் குறை.

விளிம்பு இரண்டு பாதி.
சேர்ந்த இடத்தில் பற்றவைத்த மயிரிழை.
ஒரே வார்ப்பில் ஊற்றிய போலிக்கு இந்தத் தையல் இருக்காது.
வளையத்தில், எறும்பு கடித்த அளவு, செய்தவனின் இரண்டெழுத்து.
கிரீடத்தின் நுனியில் கறுப்பு தேய்ந்து
மஞ்சள்.

"பித்தளை" என்றார். குரல் ஒரு படி இறங்கியது.
கப்பற்படைக்காரர்களுக்கு இப்படியும் செய்தார்களாம்.
உப்புக் காற்றில் இரும்பு பூத்துவிடும்,
நெஞ்சில் இரும்போடு திசைகாட்டிப் பக்கம் நின்றால்
ஊசி பொய் சொல்லும்.
"செய்தார்களாம்" என்றுதான் சொன்னார்.
சேகரிக்கிறவர்களில் பாதிப் பேர் அதைக் கதை என்பார்களாம்.

எனக்கு அதற்குள் ஒரு பெயர் நாக்கில் வந்து நின்றது.
மாங்காய்க்குக் கல்லெறிந்தபோது
எங்கம்மா எனக்கு வைத்த பெயர்.
மதராசில் குண்டு, பினாங்கில் குண்டு,
கடைசியில் எங்கோ பவளப்பாறையில் ஏறிச் செத்தது கப்பல்.
பெயர் மட்டும் நீந்திக் கரைசேர்ந்து
தமிழ்நாட்டுப் பொல்லாத பிள்ளைகள் மேலெல்லாம் குடியேறியது.
எம்டன் சிலுவை என்று ஒரு சீட்டு எழுதினால் போதும்,
விலைக்கு ரெக்கை முளைக்கும்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
"எழுதாதீங்க" என்றார்.

டின்னின் அடியில் விரித்திருந்த தாளை
அப்போதுதான் உரித்தேன்.
பிள்ளையார் சுழி. பினாங்கு கிட்டங்கி.
குரோதன வருஷம் ஐப்பசி ஒன்பது.

ஜர்மன் கப்பல் ஆள் வகையில்
கறுப்புச் சிலுவை உரு 1, எடை தோலா ஒன்றரை.
காந்தம் வைத்துப் பார்த்ததில் பிடிக்கவில்லை.
விளிம்பு வெள்ளி.
வெள்ளிக்கு மட்டும் டாலர் 2.
கெடு மூன்று மாதம்.

யுத்தம் இல்லை, வீரம் இல்லை, ஆளின் பேர்கூட இல்லை.
எவனோ ஒரு அடுத்தாள்
எனக்கு நூறு வருஷம் முன்னால்
காந்தத்தோடு உட்கார்ந்திருக்கிறான்.
போலி என்று அவன் எழுதவில்லை.
அசல் என்றும் எழுதவில்லை.

தாளையும் சேர்த்துத்தான் கேட்டார் டாக்டர்.
தாள் இல்லாத பதக்கம் விழுந்த பல்லாம்,
எந்த வாய் என்று சொல்லாதாம்.
அவர் எண்ணி வைத்த தொகையை
மனைவியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.
தட்டில் ஒட்டியிருந்த விலையைக் கொடுத்துவிட்டு
பேசாமல் போயிருக்கலாம் அந்த மனுஷன்.

ரசீதில் என்ன எழுத என்று யோசித்து
அடுத்தாளின் வரிகளையே இறக்கினேன்.
டாலரை மட்டும் ரூபாயாக்கினேன்.

ராத்திரி அடைக்கலத்துக்குப் போன் அடித்தேன்.
டின்னுக்கு அவனுக்கு நான் கொடுத்தது முந்நூறு.
மணி போய்க்கொண்டே இருந்தது.
விடிவதற்குள் இன்னொரு முறை என்று
எனக்கு நானே கெடு வைத்துப் படுத்தேன்.