நெல்லிக்காய் அளவு

பன்னிரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.
கேள்விக்கு மூன்று.
குமுதவல்லி கட்டிலில் கால்நீட்டி
கைபேசியில் நொடி எண்ணுகிறாள்.
நான் மின்விசிறிக்கு வணக்கம் சொல்கிறேன்,
பீரோவின் கண்ணாடிக்கு
‘அவைத்தலைவர் அவர்களே’ என்கிறேன்,
நான்காவது ஸ்லைடில் மூச்சு வாங்குகிறேன்.
“பதினாலரை. பாலாத்து வரலாற வெட்டு.”

வெட்டினேன்.
மணல் லாரிகளுக்கும் வாய்க்காத வேகத்தில்
ஆறு ஒரே வரியாயிற்று.

காட்பாடியில் இரவு பதினொன்றுக்கும் சுவர் சுடுகிறது.
கவிழ்த்த எவர்சில்வர் தட்டின்மேல் மடிக்கணினி.
ரயில் வரும்போதெல்லாம் ஜன்னல் கதவு தடதடக்க
பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறேன்,
கைதட்டல் அடங்கட்டும் என்பதுபோல.

ஒன்பதாவது ஸ்லைடு.
ஏழு கிணறுகள், ஏழு கோடுகள்.
பள்ளிகொண்டா முதல் ஆற்காடு வரை
ஆறு கோடுகள் பிரேயருக்குப் போகும் பிள்ளைகளாய்
வரிசை கலையாமல் இறங்குகின்றன.
ஏழாவது மட்டும் எகிறிக் குதிக்கிறது.
மேல்விஷாரம். ஜைத்தூன் பீ வீட்டுப் பின்கட்டு.

அன்று போய்ப் பார்த்தேன்.
உப்பை அளக்கக் கிணற்றில் நான் தொங்கவிட்ட
பித்தளை வளையம்
கடையில் அன்றுதான் வாங்கியதுபோல் மின்னியது.
“கறுத்துப்போய்க் கெடந்துச்சும்மா.
பாக்கப் பொறுக்கல.
புளி போட்டு வெளக்கிட்டேன்.”
சொல்லிவிட்டு ரோஜாப்பூ சர்பத் கொடுத்தார்.
குடித்துவிட்டு வந்து, கட்டுரையில்
ஆங்கிலத்தில் ஒன்றரை வரி எழுதினேன்:
பயனர் குறுக்கீடு.
ஏழாம் கிணறு கணக்கில் சேரவில்லை.

“யாராச்சும் ஏழாவதப் பத்திக் கேட்டா?”
“குறுக்கீடும்பேன்.”
“என்ன குறுக்கீடுன்னா?”
புளிக்கு இங்கிலீஷில் என்ன?
தொண்டை வரை வந்து நின்றது.
குமுதவல்லி தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள்,
அப்படியே தூங்கிப்போனாள்.

பன்னிரண்டே முக்கால்.
கடைசி வாரத் தண்ணீரின் ஆய்வகத் தாள்
சாயங்காலம் வந்தது, உறைகூடப் பிரிக்கவில்லை.
ஓரத்தில் ஒரு எண் போட்டால் அழகாயிருக்குமே என்று
பிரித்தேன்.

பள்ளிகொண்டா: கருவி சொன்னது 910. ஆய்வகம் 1420.
விரிஞ்சிபுரம், சேண்பாக்கம், அதே கதை.
ஏழாவது கிணறு:
கருவி 1840.
ஆய்வகம் 1856.

எழுந்து தண்ணீர் குடித்தேன்.
திரும்ப வந்து பார்த்தேன். 1856தான்.
களிம்பேறிய ஆறு வளையங்கள்
சொல்லிவைத்தாற்போல் ஒரே பொய் சொல்ல
நான் அதற்கு ‘ஒத்திசைவு’ என்று பெயர்வைத்து
தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

எப்சிபா மேடத்துக்குப் படம்பிடித்து அனுப்பினேன்.
இரண்டு நீல டிக்.
இருபது நிமிடம் எதுவும் இல்லை.
பிறகு: ‘எதையும் அழிக்காதே.’
அதன்பின்: ‘ஏழரை மணிக்கு எழுப்பு.
நானும் தூங்கப்போவதில்லை.’

பஜ்ர் தொழுகை முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு
மேல்விஷாரத்துக்கு அழைத்தேன்.
“எவ்வளவு புளி போட்டீங்க?”
மறுமுனையில் ஒரு சேவல் மட்டும்.
“தப்பாய்டுச்சாம்மா?”
“இல்லீங்க. அளவு வேணும்.”
“அளவு இன்னா அளவு. நெல்லிக்கா அளவு.
பழைய புளிதான். புதுசுல பளபளப்பு வராது.”
“ஒரு தரம்தானே வெளக்கினீங்க?”
“வெள்ளிக்கு வெள்ளி.
பாத்திரத்தோட பாத்திரமா.”

வெள்ளிக்கு வெள்ளி.
கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஏழு நாளைக்கு ஒரு சின்ன மேடு,
இரைச்சல் என்று நான் வழித்துத் தள்ளிய மேடு,
நாட்காட்டி தவறாமல் இருந்தது.

பழைய பத்தாவது ஸ்லைடைத் தூக்கிவிட்டேன்.
புதிதில் ஒரு வளையத்தின் படம்,
பக்கத்தில் அவர் பெயர்.
‘அளவு’ என்ற இடம் இன்னும் காலி.
ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து
ஒரு நெல்லிக்காய் எத்தனை கிராம் என்று
குமுதவல்லி தேடிக்கொண்டிருக்கிறாள்.
“நாட்டு நெல்லியா, அரநெல்லியா? கேட்டியா?”
கேட்கவில்லை.

பாலத்தில் ஏறிவிட்டோம்.
இருபுறமும் மணல், வேலிக்காத்தான், எங்கோ ஒரு குட்டை வெளிச்சம்.
நான் ஒரு வரியில் முடித்த ஆற்றை
ஆட்டோ இன்னும் கடந்துகொண்டிருக்கிறது.