கழுத்துக்குக் கீழே

ரீகா நகரில், பழைய தக்கை ஆலையின் மூன்றாம் மாடியில்
ஒரு ஜனவரிச் சனிக்கிழமை
நாற்பது லாட்ஸுக்கு
உடம்பைக் கேமராவிடம் விட்டுவிட்டு வந்தான் இமாண்ட்ஸ்.
அப்போது இருபத்தெட்டு வயது. வாடகை பாக்கி.

காலையில் பிரபு:
பொத்தான் போடாத வெல்வெட் கோட்டு, உள்ளே சட்டை கிடையாது.
நடுப்பகலில் டிராகன் வேட்டைக்காரன்:
ரப்பர் வாள், பிடியில் கிழிக்க மறந்த விலைச்சீட்டு.
வெளிச்சம் மங்கும் நேரத்தில்
எந்த யுத்தமென்று யாரும் சொல்லாத யுத்தத்தில்
காயம்பட்ட சிப்பாய்.
மூன்று யுகங்களிலும் ஹீட்டர் வேலை செய்யவில்லை.
"நடுங்காதே, பிரபுக்கள் நடுங்குவதில்லை"
என்றாள் புகைப்படக்காரி, கையுறையோடு.

படங்கள் விற்றன, எங்கெங்கோ, யார் யாருக்கோ.
அட்டைகளில் வந்தான், மோவாய்க்கு மேல் இல்லாமல்.
முகத்தை வாசிக்கிறவர்களே வைத்துக்கொள்வார்களாம்.
ரயில் நிலையக் கடைகளில்
நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டே
இருபத்து மூன்று வருடம் தலைமறைவு.

இடது காறையெலும்புக்குக் கீழே ஒரு மச்சம்,
மிளகைவிடச் சற்றே பெரிது.
காதல் கதைக்காரர்கள் அதை அழித்துவிட்டார்கள்.
மாயக்கதைக்காரர்கள் சுற்றிலும் தீ வரைந்து
அரச வம்சத்து முத்திரை என்றார்கள்.
சரித்திரக்காரர்கள் கொஞ்சம் சிவப்பு சேர்த்து
குண்டு நுழைந்த துளையாக்கினார்கள்.
குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பான்.
இருக்கிறது. சும்மா இருக்கிறது.
மச்சக்காரனுக்கு இன்றுவரை
ஒரு லாட்டரிகூட விழுந்ததில்லை.

இப்போது பெரிய சந்தையின் மீன் கூடத்தில்
உறைபெட்டிகளைப் பழுதுபார்க்கிறான்.
வயிறு முந்திக்கொண்டு வந்துவிட்டது.
பதினோராம் கடையில் வெல்தா
புகையூட்டிய விலாங்கு விற்பாள்;
ஒருவர் சில்லறை எண்ணிப் போய்
அடுத்தவர் வருவதற்குள்
ஒரு பக்கம் படித்துவிடுவாள்.
அன்று அவளுடைய செதில் ஒட்டிய கட்டைவிரல்
அவன் விலாவின் மேல் இருந்தது,
அட்டையில்.

"கதை நன்றாகத்தான் போகிறது" என்றாள்.
"ஆனால் மூடி வைக்கும்போதெல்லாம்
இந்த ஆளுக்குக் குளிருமே என்று தோன்றுகிறது."

இருபத்து மூன்று வருடத்தில்
அதைக் கேட்ட முதல் ஆள்.

குளிர்ந்தது என்று சொல்லத்தான் வாயெடுத்தான்.
கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொன்னான்.
பெட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு
தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டான்.
போகும்போது, முடித்துவிட்டால் கொடுங்கள் என்றான்.
தான் நின்ற அட்டைகளில் ஒன்றைக்கூட
அவன் திறந்து பார்த்ததில்லை.

ஏழாம் எண் டிராமில் தொடங்கினான்.
பிரபுவுக்கு நீலக் கண்கள். இவனுக்குப் பழுப்பு.
பிரபுவுக்கு மூன்று கோட்டைகள்,
ஒன்றில்கூட மின் கட்டணம் இல்லை.
நாயகி பூச்சாடியை எறிந்த இடத்தில்
இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.
கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் வந்து தோளைத் தட்டினார்.

முத்தங்களை எல்லாம் வெல்தா சும்மா தாண்டியிருந்தாள்.
புத்தகம் முழுக்க ஒரே ஒரு பென்சில் கோடு:
வேலைக்காரனை எழுப்ப மனமில்லாமல்
நடுராத்திரியில் பிரபு தானே எழுந்து
அடுப்புக்கு விறகு போடுகிற வரியின் கீழ்.
ஓரத்தில் பொடி எழுத்தில்: "நல்லவன்".

அந்த இடத்தில் வெகுநேரம் இருந்தான்.
பிறகு அட்டையைத் திருப்பி,
ரசீது எழுதுகிற பேனாவை எடுத்து,
அழித்துவிட்ட இடத்தில் அழுத்தி
ஒரு புள்ளி வைத்தான்.

வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்தான்.
"மை சிந்திவிட்டதா?" என்று கேட்டு
வெல்தா நகத்தால் சுரண்டினாள்.
போகவில்லை.
ஈரத்துணியால் துடைத்தாள்.
போகவில்லை.
கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு
அவன் நின்றுகொண்டிருந்தான்.
உறைபெட்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.