நாலாயிரம் ஹெர்ட்ஸ்

ஒத்தக்கடை தாண்டி, யானைமலை இருட்டில்
வெண்டைக்காய் மூட்டைகளோடு நிற்கிறது அடைக்கலத்தின் டாடா ஏஸ்.
ஒரு மணிக்குள் மாட்டுத்தாவணி போனால் போதும்.
ஆல்பம் ஐம்பத்தெட்டு நிமிடம்.
இப்போது பதினொன்று நாற்பது.

ஏழு வருடம் காக்கவைத்து வந்த ஐந்தாவது ஆல்பம்.
பனி பெய்யும் ஏதோ ஊரில்
பழைய மீன் கிடங்குக்குள் பதிவு செய்தார்களாம்.
மதுரையில் இதைக் கேட்பவர்கள் நாங்கள் நாலு பேர்.
அஞ்சாவது ஆள் இருக்கலாம்,
இதுவரை கண்ணில் படவில்லை.

"பாடவே மாட்டேங்குறானே" என்றேன் பத்தாவது நிமிடம்.
முதல் ஆல்பத்தில் பாடுவான்.
அடித்தொண்டை உறுமலுக்கு நடுவே சட்டென்று ஒரு சுத்தக் குரல்,
செங்கல் சூளையில் யாரோ ஜன்னல் திறந்த மாதிரி.
இதில் ஜன்னலே இல்லை.
எட்டுக் கம்பி கிட்டாரைத் தளர்த்தித் தளர்த்தி
கம்பி கயிறாகிவிட்டது.

"கனமா வாசிக்கிறது வேற, கஷ்டமா வாசிக்கிறது வேறடா"
அடைக்கலத்துக்கு ரிஃப் வேண்டும், தலை ஆட வேண்டும்.
பதினேழு எண்ணி முடிப்பதற்குள்
கழுத்து எங்கே போய் நிற்கும்?

மீனலோசனி டேஷ்போர்டில் தட்டிக் காட்டினாள்.
அஞ்சு, அஞ்சு, ஏழு.
அஞ்சு, அஞ்சு, ஏழு.
"கொஞ்ச நேரம் எண்ணு. அப்பறம் விட்ரு.
எண்ண மறந்த எடத்துலதான் பாட்டு ஆரம்பிக்குது."
"பாட்டில்ல, வாய்ப்பாடு" என்றேன்.
"நீ இன்னும் முதல் ஆல்பத்துக்கே வாடகை குடுத்துட்டு இருக்க" என்றாள்.
அது கொஞ்சம் வலித்தது.

காஜா மைதீன் அதுவரை பேசவில்லை.
கதவோரம், கீழே, செருப்பின் மேல் உட்கார்ந்திருந்தான்.
போர்வெல் வண்டியில் ஒன்பது வருடம்.
நேற்று கொட்டாம்பட்டிப் பக்கம் எழுநூற்றிருபது அடி,
வெறும் புழுதி. புருவத்தில் இன்னும் மிச்சம் இருந்தது.

"எனக்கு இதுல ஒண்ணுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றான்.
"சிம்பலையே தூக்கிட்டாய்ங்க பாரு. எம்புட்டுத் தைரியம்!
தகரச் சத்தமே இல்ல.
இந்தா, இந்த மலைய உள்ள இருந்து கேட்டா
இப்படித்தான் இருக்கும்."

நாங்கள் மூவரும் ஸ்பீக்கரைப் பார்த்தோம்.
சிம்பல் கொட்டிக்கொண்டிருந்தது.
முதல் நிமிடத்திலிருந்து, மூச்சு விடாமல்,
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல.

மீனலோசனிக்கு மட்டும் தெரியும்.
அண்ணாநகரில் செவித்திறன் பார்க்கும் அறையில்
போன சித்திரையில் அவன் காதுக்கு அவள்தான் கோடு போட்டாள்.
நாலாயிரம் ஹெர்ட்ஸில் இறங்கிய கோடு
அப்புறம் கரை ஏறவில்லை.

அடைக்கலம் வாயைத் திறந்தான்.
அவள் அவன் கையைத் தட்டிவிட்டு
ட்ரெபிள் குமிழை இடப்பக்கம் திருப்பினாள், அது நிற்கும் மட்டும்.

சிம்பல் போனது.
கம்பியில் பிக் உரசும் விளிம்பு போனது.
எனக்குப் பிடித்திருந்த அந்த ஒரே மூச்சொலியும் போனது.
மிஞ்சியது, நிலத்துக்கடியில்
இடித்து, நின்று, மறுபடி இடிக்கிற ஒன்று.
கல் மாறும்போது மட்டும் குரல் மாறும் ஒன்று.
பதினேழு தானாகவே போய்த் தானாகவே திரும்பியது.
அடைக்கலத்தின் கழுத்து
தப்பான இடத்தில்தான், ஆனால் ஆடத் தொடங்கியிருந்தது.

நாங்கள் வாயடைத்து இருப்பதைப் பார்த்து
காஜா சிரித்தான்.
"இப்பத்தான்டா ஒழுங்கா கேக்குறீங்க."
அவனுக்கு எதுவும் மாறியிருக்கவில்லை.

நாற்பத்தோராவது நிமிடம் இழுவைதான்.
அதை இப்போதும் சொல்வேன், மீனலோசனியிடமே சொல்வேன்.
பன்னிரண்டே முக்காலுக்கு வண்டி கிளம்பியது.
குமிழை யாரும் திருப்பி வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஹெட்போனில் முதலிலிருந்து போட்டேன்.
சிம்பல் வந்தது,
யாரோ அப்புறமாக வந்து சேர்த்துவிட்டுப் போனது போல.